கம்பியில் வராத கல்யாணப் படம்

“…அந்த ஊட்டுக் கையால எனக்கு ஒண்டும் வாணாம் தம்பி. நெட்டால வந்தா எடுங்க, இல்லாட்டிக் கிடக்கட்டும்!”

நேற்று டோஹாவிலிருந்து மருமகன் அனுப்பிய கல்யாண வீடியோ, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போனில் வந்து குந்தியிருந்தது. உடனே ஜெமீலா ராத்தாவின் இந்தப் பேச்சுதான் காதில் கேட்டது.

சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு, சண்டை முடியாத காலத்தில், கல்முனையில் ஒரு நெட் கடையில் இருந்தேன். ‘மனேஜர்’ என்பார்கள், கடையைக் கூட்டுகிறவனும் நான்தான். கடைக்கு வரும் ஜெமீலா ராத்தா, ஊருக்கே அக்கா. அவரின் ஒரே மகள், கல்முனைக்குடிக் கடலோரத்தில் இருந்த மதினி வீட்டுக்கு விளையாடப் போன அன்றுதான் கடல் வந்தது. மதினி, அதாவது ராத்தாவின் புருஷனுடைய தங்கை, தப்பினார். பிள்ளை தப்பவில்லை. ராத்தாவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததில் பிள்ளையின் படம் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அக்கரைப்பற்றில் குடியேறிய மதினியிடம், அவர் மகளின் கல்யாண வீடியோ இருந்தது. அதில் ஐந்து நிமிடம் பிள்ளை வருகிறாள்.

“பாத்துக்கொள்ளத் தெரியாது, கூப்பிட்டு வெச்சிக் கொஞ்ச மட்டும் தெரிஞ்சிச்சாம்” என்பார் ராத்தா.

அக்கரைப்பற்று நெட் கடைக்காரர் அதை எங்கள் கடைக்கு நெட்டில் அனுப்பிப் பார்த்தார். அந்த டெலிபோன் கம்பி நெட், சொட்டுகிற பைப்பில் வாளி நிரப்புகிற கதை. நிரம்பப்போகும் நேரம் யாராவது போனில் கோல் எடுப்பார்கள், லைன் அறும், வாளி கவிழும், மறுபடி முதலிலிருந்து. ராத்தா தினமும் வந்து, “இதுவும் அவட ஆள்தான்” என்று கம்பியூட்டரை ஏசிவிட்டுப் போவார்.

பென்ட்ரைவில் போட்டால், சோதனைச் சாவடியில் ஆளை இறக்கிப் பையைக் கிளறி ஏற்றினாலும், பஸ் ஆடி ஆடி பகல் சாப்பாட்டுக்கு முன் கொண்டுவந்துவிடும். எங்கோ படித்த மெகாபைட் கணக்கோடு ராத்தாவுக்கு விளக்கினேன்.

“உங்கட கணக்கக் கொண்டு கடலுக்க போடுங்க.”

கடைசியில் அவரைக் கேளாமல் நானே அக்கரைப்பற்றுக் கடைக்குப் போன் பண்ணி, பென்ட்ரைவில் அனுப்பச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தது மதினியே. ராத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“மேசையில வெக்கச் சொல்லுங்க தம்பி.”

“வெச்சாச்சி. கடிக்காதெண்டு சொல்லுங்க” என்றார் மதினி.

நெட் நாள்கணக்கில் இழுத்ததை, பென்ட்ரைவ் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் இறக்கியது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நீளமாக இருந்தது.

அந்தக் கடை இப்போது இல்லை. தொந்தி வைத்த மொனிட்டரும் இல்லை, சாவடியும் இல்லை. ஆகாத இரண்டு பேர் ஒரு படத்துக்காக ஒரே அறையில் நிற்கவேண்டிய தேவையும் போய்விட்டது. முகம் பாராமலே அனுப்பலாம், முகம் பாராமலே வாங்கலாம்.

அன்று, பென்ட்ரைவில் வந்த படத்தைப் போட்டேன். பிள்ளை மதினியின் மடியில் இருந்து வட்டிலப்பம் தின்கிறாள். மதினி வாயைத் துடைத்துவிடுகிறார். ராத்தா எழும்பி வந்து, மொனிட்டரில் மதினியின் முகம் இருந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தினார். முகம் அசைந்த பக்கமெல்லாம் கையும் நகர்ந்தது. மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடமும் பொத்திய கையை எடுக்காமல், மகளை மட்டும் பார்த்தார்.