கட்டை விரலும் என் பத்தியமும்

இரண்டு வருடங்களுக்கு முன் மலேசியாவில், பண்டமாரானில் நடந்தது இது. என் கணவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ளவர். புது ஷூ கடித்து வலது கால் கட்டை விரலடியில் புண் வந்திருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் மனிதருக்குத் தெரியவே இல்லை. காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

மூன்று மாதம் மருந்து கட்டியும் ஆறவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் கிளினிக் டாக்டர். பிரேக் மிதிக்கிற கால் அது.

மறுநாள் மருந்து கட்டும்போது, தாதி அவருடைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். புண் வந்த நாளிலிருந்து வீட்டில் முட்டை, மீன், கோழி எதுவும் கிடையாது. சீழ் வைத்துவிடும் அல்லவா? வெறும் ரசமும் சோறும்தான். மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். அவருக்குத் துணையாக நானும் மீனை விட்டிருந்தேன்.

தாதி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, புண்ணு ஆற புதுச் சதை வளரணும். அந்த செல்லுங்களுக்கும் சாப்பாடு வேணும் லா. ரத்தத்துல சீனி நெறைய இருக்கு, ஆனா அதுங்களால சரியா எடுத்துக்க முடியல. முட்டை, மீனும் இல்லன்னா எத வச்சு சதை வளரும்? போன மாசமே அண்ணேகிட்ட சொன்னேனே!"

நான் திரும்பிப் பார்த்தேன். மனிதர் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீயும் எனக்காக வாயக் கட்டியிருந்த. சொன்னா மனசு ஒடஞ்சிருவன்னுதான்..." என்று இழுத்தார்.

"வெரலு போனா மட்டும் ஒடையாதா?"

கிளினிக் என்பதையும் மறந்து கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியாமல் நின்றார் தாதி.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, முட்டையும் மீனும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அன்று மத்தியானமே மீன் குழம்பு வைத்தேன். சோற்றைக் குறைத்தேன், இன்சுலின் ஊசியை நேரத்துக்குப் போட வைத்தேன், காலை ஊன்றவே விடவில்லை. இரண்டு வாரத்தில் புண்ணின் ஓரம் சிவந்து சதை பிடிக்க ஆரம்பித்தது. முழுதாக மூட நான்கு மாதமானது.

இப்போது மறுபடி லோரி ஓட்டுகிறார். தினமும் மாலையில் அவர் பாதத்தை மடியில் வைத்துப் பார்க்கிறேன். "அஞ்சும் இருக்கு லா" என்று கேலி செய்கிறார். நான் பாசத்தில் வைத்த பத்தியமும் அவர் பாசத்தில் மூடிக்கொண்ட வாயும் சேர்ந்தே அந்த விரலைப் பறித்திருக்கும் என்று நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.