கீரைக்கத்தியின் மெருகு

கீரை அறுக்கிற கத்தியில் முகம் பார்க்க வேண்டும் என்று மேனாம்பேட்டில் பொன்னியம்மாவைத் தவிர வேறு யாருக்கும் ஆசை வந்ததில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவள் புருஷன் வேம்புலி சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தான். பழைய இரும்புக்காரனிடம் வாங்கிய லாரி வில்பட்டைத் துண்டைக் காய்ச்சி அடித்து அவளுக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தான். கறுப்பாக, சொரசொரப்பாக இருந்தது. ஆனால் நன்றாக வெட்டியது. அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

பொன்னியம்மாவுக்கு அப்போதுதான் வேலை தொடங்கியது. கல்லில் தேய்த்தாள். பிறகு உப்புத்தாள், பிறகு சலித்த செங்கல் தூள், எண்ணெயில் குழைத்த கரித்தூள், கடைசியில் தோல். முன்பு அதே பட்டறையில் துருவெடுக்கும் கூலியாக இருந்தபோது கண்டுபிடித்த வழி இது. ஒரு தாள் போட்ட கீறலை, அடுத்த தாள் குறுக்கே போய் அழிக்க வேண்டும்.

"கீரைக்கு இன்னாத்துக்குமே இவ்ளோ சிங்காரம்?" என்று வேம்புலி சிரித்தான்.

"எனுக்குப் புடிச்சிகீது. போய்யா."

எதற்கென்று அவளும் தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதுவரை அவள் பளபளப்பாக்கிய எதுவும் அவளுடையதாக இருந்ததில்லை. அதுதானோ என்னவோ.

அவள் கீரை விற்கும் அம்பத்தூர் சந்தையில் கத்தியைத் துலுக்கானம் பார்த்தான். வேம்புலியின் பட்டறை மேஸ்திரி. பட்டறையின் வெள்ளைக்காரத் துரைக்குப் பரிசாகக் கொடுக்கலாம், கொடு என்றான். அவள் தலையாட்டி மறுத்தாள். அந்த வாரமே, துரையின் கத்தி களவு போய்விட்டது, பொன்னியம்மாவின் சேரியில்தான் இருக்கிறது என்று கிராம முன்சீப்பிடம் அவன் புகார் கொடுத்தான்.

ஊர்ச் சாவடியில் விசாரணைக்குக் கூட்டம். முன்சீப் ஜம்புலிங்கம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவருடைய மீசை தெரிந்தது.

"உங்க ஊட்டுல இந்த மாதிரி சாமான் ஏது?"

"நான் தேச்சேன்யா."

கூட்டம் சிரித்தது. வேம்புலி அவள் காதருகே குனிந்தான். "குட்த்துடுமே. தெரியாம எட்த்துட்டோம்னு சொல்லிடு. என் வேலையாச்சும் நெலைக்கும்."

"எடுக்காதத எப்டியா எடுத்தேன்னு சொல்றது?" என்றவள் முன்சீப்பிடம் திரும்பினாள். "கத்தியக் குடுங்க. தேச்சுக் காட்றேன்."

"ஏற்கெனவே மின்னுது. அதுல இன்னாத்தக் காட்டுவ?" என்றான் துலுக்கானம்.

அவன் கேட்டது நியாயம்தான். என்ன செய்ய வேண்டும் என்று பொன்னியம்மாவுக்குப் புரிந்தது. கத்தியை வாங்கிக்கொண்டு சாவடிப் படியில் உட்கார்ந்தாள். கருங்கல்லில் அதைப் படுக்கவைத்து அழுத்தி இழுத்தாள். புரட்டிப் போட்டு மறுபக்கமும் இழுத்தாள். கேட்டவர்களுக்குப் பல் கூசியது.

"ஐயையோ! தொர சாமானப் பாழாக்கறா!"

"இப்ப மின்னல இல்ல? குந்து மேஸ்திரி. முடியற வரைக்கும் எந்திரிக்காத."

வேம்புலியைத் தாளும் தூளும் எடுத்துவரச் சொன்னாள். அவன் மேஸ்திரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஓடினான்.

வெயில் ஏறியது. முன்சீப் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். கரிய எண்ணெய்ச் சேறு அவள் புடவையில் வழிந்தது. கேலி பேசியவர்கள் ஒவ்வொருவராக அருகே வந்து குந்தினார்கள். நுனியில் மட்டும் ஒரு கீறல் போவேனா என்றது. பொடித்தாளுக்கு அது மசியவில்லை. அவசரப்பட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி முரட்டுத்தாளுக்கே போனாள்.

"இன்னும் ஒரு கோடு கீதுமே, உடாத," என்றான் வேம்புலி, எல்லார் காதிலும் விழும்படி.

சாயங்காலம் ஒரு பக்கம் முடிந்தது. தோலால் துடைத்து நீட்டினாள். முன்சீப்பின் மீசை ஒரு முடி கலையாமல் அதில் நின்றது.

"கை கீதுடி உனுக்கு," என்றார் அவர். "சரி, அந்தப் பக்கத்தையும் தேய். முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்."

பொன்னியம்மா எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கத்தியை அவர் கையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் உங்களுக்கோசரம் தேச்சது. அந்தப் பக்கம் என்னுது. எனுக்குத் தோணும்போது தேச்சுக்குவேன்."

யாரும் தடுக்கவில்லை. துலுக்கானம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் பட்டறை வாசலிலேயே, இனி வேலை இல்லை என்று வேம்புலியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வீடு வந்தபோது பொன்னியம்மா கீரைக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கை நிற்கவில்லை. இன்னொரு கூடையை அவன் பக்கம் தள்ளினாள். இருவரும் அம்பத்தூருக்கு நடந்தார்கள். சந்தையில் கீரையைப் பரப்பி, அதன் மேல் கத்தியை வைத்தாள். கீறல் விழுந்த பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள். கீறல் எப்படி வந்தது என்று யாராவது கேட்கட்டும் என்று.