கால்வாய் கடந்த நாவல் கன்றுகள்

அந்த வருஷம் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையைக் கம்பளிப்புழு தின்று தீர்த்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்துக் கிடந்த மணல் பூமி அது. அதில் பயிர் வைத்தது அத்தை. மாமா இறந்தபின் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வருத்தம் ஆறும்வரை இருப்பார், பிறகு மாமியார் வீட்டுக்கே போய்விடுவார் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அத்தை மட்டும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மொட்டையாக நின்ற செடிகளை அத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "கால்வாய்லேர்ந்து கடல் வரிக்கும் குருவி குந்த ஒரு கிளையாச்சும் இருக்குதா பாரு. அப்பறம் புழுவ யாரு தின்னும்?" என்றார்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் திருக்கழுக்குன்றம் பக்கத்து நாற்றங்காலுக்குப் போனார். கல்பாக்கத்துக்குப் போகும் ஒரு லாரியை மடக்கி, நாவலும் புங்கனும் வேம்பும் புன்னையுமாகக் கன்றுகளை ஏற்றிவந்து கால்வாய்க் கரையில் இறக்கிவிட்டார். எனக்கும் அண்ணனுக்கும் அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று அவரே அறிவித்தும் விட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

படகுக்கார பாய் கன்றுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"உப்பு ஏத்திக்கீறேன், வைக்கோல் ஏத்திக்கீறேன். காட்ட ஏத்தனது இல்லம்மா."

ஏற்றினோம். உட்கார இடமில்லாமல் இலைகளுக்கு நடுவே நான் நின்றுகொண்டு போனேன். ராணிக்குக்கூட இப்படி ஒரு சவாரி கிடைத்திருக்காது என்று தோன்றியது. பாதிக் கால்வாயில் கடல்காற்று எழுந்து படகு ஒருபக்கம் சாய்ந்தது. ஓரத்து நாவல் கன்றுகள் சரியத் தொடங்கின. உப்புத் தண்ணீர் பட்டால் வேர் கருகிவிடும். அண்ணன் குதித்தான். யாரும் சொல்வதற்குள் நானும் குதித்தேன். அவனுக்கு மார்பளவு தண்ணீர், எனக்குக் கழுத்தளவு. சரிந்த கன்றுகளைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் தடுமாறி நடந்தோம்.

"தல நனஞ்சா பரவால்ல, வேரு நனையக் கூடாது!" என்று படகிலிருந்து அத்தை கத்திக்கொண்டே வந்தார். நாங்கள் ஒரு கன்றைக்கூட நழுவ விடவில்லை.

வரப்பு முழுக்கக் குழி வெட்டினோம். நட்ட கன்றுகளைச் சுற்றி ஆடு கடிக்காமலிருக்க முள் வைத்தோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டபோது நானும் அண்ணனும் கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். அப்போதுதான் பாய் அடுத்த நடையில் பெரியப்பாவை ஏற்றிவந்தார்.

குடையைப் பிடித்தபடி பெரியப்பா வரப்பு நெடுக நடந்து பார்த்தார். நான் பின்னாலேயே ஓடி, தண்ணீரிலிருந்து காப்பாற்றிய கன்றுகளையெல்லாம் பெருமையாகக் காட்டினேன். அவர் நாவல் கன்றின் முன்னால் நின்றார்.

"சவுக்கு வெச்சிருந்தா அஞ்சாறு வருசத்துல வெட்டிடலாம். நாவல் எப்போ காய்க்கறது? அதுவரிக்கும் இங்க யாரு இருக்கப் போறா?"

அத்தை மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் இருக்கேண்ணா."

பெரியப்பா சட்டென்று குடையைத் திருப்பிக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.

புங்கனும் வேம்பும் முதலில் கிளை விட்டன. ரெட்டைவால் குருவிகள் வந்து குந்தின. புழு அடியோடு போய்விடவில்லை. ஆனால் அறுவடைக்குக் கடலை மிஞ்சியது. கடைசியாகக் காய்த்தது நாவல். அத்தை கடைசிவரை அந்தக் கொல்லையிலேயே பயிர் வைத்தார். மாமியார் வீட்டுப் பேச்சை யாரும் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் கன்று நட்ட அன்று, பெரியப்பா முன் நடையில் போய்விட, நாங்கள் திரும்பிய படகில் இடம் தாராளமாக இருந்தது. அத்தை தண்ணீரைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து நீரும் வழிந்தது. மழை என்று நினைத்தேன். பெரியப்பா ஏன் அப்படிப் போனார் என்று அண்ணனைக் கேட்டேன். அவருக்கு நாவல் பழம் பிடிக்காது, தொண்டை கட்டிக்கொள்ளும் என்றான் அவன். அதுதான் காரணம் என்று நானும் நம்பினேன்.