ரிசல்ட் வரட்டும் என்றேன்

படப்பையில் நாங்கள் வாங்க இருந்த வீட்டில் இரண்டு அறைகள், வெளியே மாடிப்படி, வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி. கடன் என் பெயரில். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடமே நான்தான் முதலில் போனேன். அப்பா கைநாட்டு. வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தை ஒரு பக்கம் விடாமல் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். வட்டி ஏறும், இறங்கும். கடிதம் மூன்று மாதம்தான் செல்லும். முடியும்வரை அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அட்வான்ஸ் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை மணிமங்கலத்திலிருந்து கிளம்பினோம். தேர்தல் நேரம். ரோட்டில் வண்டிகளை மறித்துப் பணம் தேடுகிறார்கள், கொஞ்சமாக எடுத்து வாருங்கள் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அம்மா வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தாள்.

வீட்டுக்காரர் ஹாலில் டிவி ஓடியது. பெண்கள் பெயரில் வீடு வாங்கினால் வட்டியில் ஒரு பங்கை அரசே கட்டும் என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். போனில் அந்த வாக்குறுதியைத் தேடிப் படித்தேன். புதிதாக வாங்கும் கடனுக்கு மட்டும் என்று இருந்தது.

"அப்பா, இப்ப வேணாம். ரிசல்ட் வரட்டும். இப்பவே கடன் எடுத்துட்டா நமக்கு அது கெடைக்காது."

புரோக்கர் சிரித்தார். "இன்னா பாப்பா, மேடையில சொல்றத போய் நம்பிகினு. அவன் ஓட்டு கேக்குறான். நீ வூடு கேக்குற."

"அது பட்ச்ச புள்ளண்ணே," என்றார் அப்பா. "அது சொன்னா கரீட்டா இருக்கும்."

"தட்டோட வந்துட்டமேடி," என்றாள் அம்மா, என் காதருகே.

தட்டு முழுசாகத் திரும்பக் கூடாது, வெற்றிலையையாவது வைத்துவிட்டுப் போங்கள் என்றார் வீட்டுக்காரர். வெற்றிலை பாக்கை அவர் மேஜைமேல் வைத்தோம். பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

நான் எதிர்பார்த்த கட்சியே ஜெயித்தது. அப்பா ஜாங்கிரி வாங்கி வந்தார். வட்டித் திட்டத்தைக் குழு ஆராயும் என்றார்கள். பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லை. அதற்குள் எங்கள் கடிதத்தின் மூன்று மாதம் முடிந்திருந்தது. புதிதாக விண்ணப்பித்தபோது வட்டி ஏறியிருந்தது; என் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் குறைந்திருந்தது. புது அரசு நிலத்தின் வழிகாட்டி மதிப்பையும் உயர்த்தியது.

"கவர்மெண்டே ரேட்டு ஏத்திச்சு. நான் மட்டும் பழைய ரேட்டுக்கு குடுக்கணுமா?" என்றார் வீட்டுக்காரர். அடுத்த மாதம் கையில் பணத்தோடு வந்த ஒரு தம்பதிக்கு விற்றுவிட்டார்.

நான் அழவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனேன். பாகங்களை அளந்தேன், அளவு தப்பியதை சிவப்புத் தட்டில் போட்டேன். வீட்டில் யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை.

இந்த வருடம் வட்டி குறைந்தது. அந்தத் தெருவில் இன்றைய விலைக்கு அது போதாது. அப்பாவுக்கு யாரோ செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடையில் அவர் பேசுவது, பால் வாங்கப் போன என் காதில் விழுந்தது.

"வட்டி எறங்கும்னு எம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு. பட்ச்ச புள்ளைன்னா சும்மாவா?"

பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் இப்போதிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் வந்தது, இன்னும் பதினோரு மாதத்துக்கு. அப்பா கைகட்டி உட்கார்ந்தார். நான் படிக்க ஆரம்பித்தேன்.