ராசு கண்டக்டர் வண்டியில் இடம்

மலையடிவாரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போய்வருகிற தனியார் பஸ்ஸில் ராசுதான் கண்டக்டர். நல்ல மனுஷன். சில்லறையில் ஏமாற்ற மாட்டார், பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் யாரையாவது எழுப்பி உட்கார வைப்பார். ஆனால் வண்டியில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் ஏறுகிற ஆளைப் பார்த்துத்தான் சொல்லுவார். மலைக்காரர்கள் நாலு பேர் மூட்டையோடு நின்றாலே அவர் கணக்கில் வண்டி நிறைந்துபோகும்.

அன்று காலை அடிவாரத்தில் வேடியப்பன் தூக்குவாளியோடு கையைக் காட்டினான்.

"அப்பா ஆஸ்பத்திரில ரொம்ப முடியாம கெடக்குதுங்க. சாமைக் கஞ்சி கேட்டுச்சு. ஓரமா நின்னுக்கினு வரேங்க."

"மூச்சு முட்டுது, இன்னும் ஏத்தாதீங்க" என்றாள் முன்சீட்டு அம்மாள். ராசுவுக்கு அது வசதியாகப் போயிற்று.

"எடமில்லப்பா. அடுத்த வண்டில வா" என்று விசில் கொடுத்துவிட்டார். அடுத்த வண்டி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கச்சிராயபாளையத்தில் அவர் மச்சான் வீட்டுக் காதுகுத்துக் கூட்டம் சீர்த்தட்டுகளோடு காத்திருந்தது. அத்தனை பேரையும் ஏற்றினார். மடிமேல் மடியாக உட்கார்ந்தார்கள், படியில் தொங்கினார்கள். மூச்சு முட்டிய அதே அம்மாள் யார் பெற்ற பிள்ளையையோ மடியில் வாங்கிக் கொஞ்சினாள். "இன்னிக்குத்தான் வண்டி களைகட்டுது" என்று ராசு சிரித்தார். தூக்குவாளி ஒருதரம் நினைவில் வந்தது. கூட்டத்தின் கலகலப்பில் அதை மறந்தார்.

சாயங்காலம் திரும்புகையில் வண்டி ஏறக்குறையக் காலி. கள்ளக்குறிச்சியில் ஏறிய வேடியப்பனும் அவன் அம்மாவும் இரண்டு தங்கைகளும் கடைசி சீட்டின் ஒரு மூலையில் ஒருவரோடொருவர் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"இவ்ளோ எடம் கெடக்குதே, தாராளமா உக்காருங்க" என்றார் ராசு.

"இருக்கட்டுங்க. இப்பிடி ஒட்டிக்கினு இருந்தாத்தான் அம்மா தாங்குது."

ராசுவுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா?"

"போய்ட்டாருங்க. நான் போய்ச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். பொணவண்டில ஒருத்தருக்குத்தான் எடம்னாங்க, தம்பி கூடப் போயிருக்கான்."

ராசு தலையைக் குனிந்துகொண்டார். வேடியப்பனே ஆறுதல் சொன்னான்: "காலைல வண்டி ரொம்பிக் கெடந்துச்சு. நீங்க இன்னா பண்ணுவீங்க."

எடம் இருந்துச்சுப்பா என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வளைவில் வண்டி திரும்பியபோது தூக்குவாளி அவர் காலடிக்கு நகர்ந்து வந்தது. எடுத்தார். கஞ்சி தொடாமல் அப்படியே கனத்தது. அத்தனை சீட்டும் காலியாகக் கிடக்க, உட்கார மனமில்லாமல் அடிவாரம் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.