அன்னபேதி ஏறாத தடம்

திருவல்லத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பக்கவாட்டில் ஓர் ஆட்டோ ஷெட் இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், கீழே காங்கிரீட் தரை. வீட்டை விற்றவர் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவர். எனக்கு வீட்டைவிட அந்த ஷெட் பிடித்திருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கழக்கூட்டத்தில் ஓர் ஐ.டி. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். சனி ஞாயிறு மரவேலை. வாடகை ஃபிளாட்டில் இருந்தபோது பால்கனியில் வைத்து மரம் இழைத்து, கீழ்வீட்டுத் துணிகளில் எல்லாம் தூளைக் கொட்டி, நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். இனி எனக்கென்று ஒரு பட்டறை.

தரைதான் சரியில்லை. எத்தனை முறை பெருக்கினாலும் சிமெண்டுத் தூள் கிளம்பிக்கொண்டே இருந்தது. நிறம் ஏற்றி, மேலே சீலர் பூசினால் தூசி அடங்கும் என்று படித்தேன். டைல்ஸ் போட்டுவிடலாமே என்றார் கணவர். உளி விழுந்தால் உடையும் என்று சமாளித்தேன். உண்மையான காரணம் வேறு. உரக்கடையில் செடிக்குப் போட விற்கிற அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் சிமெண்டு துரு நிறத்துக்கு மாறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் தரையைக் கழுவிக் காயவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் ஏறாது. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மூலையில் தெளித்தேன், உடனே உறிஞ்சிக்கொண்டது. அவசரத்தில் மற்ற இடங்களைச் சோதிக்கவில்லை. செடிக்கு மருந்தடிக்கும் பம்பில் கரைசலை நிரப்பி உள்ளிருந்து வாசல் வரை அடித்தேன். முதலில் பாசி நிறம். மத்தியானம் மஞ்சள். மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தேன். மறுநாள் காலையில் தரை முழுக்க நல்ல துருச்சிவப்பு.

முழுக்க என்று சொல்ல முடியாது. உள்ளிருந்து வாசலைப் பார்த்தால் இடது பக்கம் வரும் சுவரை ஒட்டி, வாசல்வரை வெளிறிய திட்டுகள். பம்பு சரியாக அடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு, ஆட்டோவின் எஞ்சின் ஆயிலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆயில் இப்படி வரிசையாகச் சொட்டாது. குனிந்து பார்த்தபோதுதான் ஒரு திட்டில் ஐந்து விரல்கள் தெரிந்தன.

கணவரைக் கூப்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டே வந்தவர் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"யாரோ நடந்திருக்காங்க, அல்லே?"

"இடது கால் மட்டும்தான் நடந்திருக்கு. வலது காலைப் பாருங்க."

இடது பாதம் தெளிவாக இருந்தது. வலப்பக்கம் பாதமே இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு இழுத்த கோடு. அடுத்த இடது பாதம், அடுத்த கோடு. குடிவந்த புதிதில் அந்தச் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்ததும், அலமாரிக்கு அடித்தவை என்று நாங்கள் சுவர்ப் பட்டி வைத்து அடைத்ததும் நினைவுக்கு வந்தன. சுவரில் கை வைத்து, அந்தத் தடத்தில் கால் வைத்து, வலது காலை இழுத்து நடந்து பார்த்தேன். ஒவ்வோர் அடியும் என் எட்டில் பாதிகூட இல்லை. வாசலுக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆனது.

வீட்டை விற்றவரிடம் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதிவு அலுவலகத்தில் அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாறசாலையில் மனைவியின் ஊரில் இருந்தார். ஃபோனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டதாம். தினமும் காலையில் மனைவி இரண்டு காலிலும் இடுப்பிலிருந்து பாதம்வரை தைலம் தேய்த்துவிடுவார். வீட்டுக்குள் மொசைக் தரை வழுக்கும். அதனால் ஷெட்டில் சுவரோடு பைப் அடித்து, அதைப் பிடித்து நடந்திருக்கிறார். ஏழு மாதம், தினமும் அதே இடங்களில் கால் வைத்து. படியேற முடியாமல்தான் வீட்டை விற்றார்கள்.

"அது இப்பமும் கெடக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்துவிட்டார். கம்பு ஊன்றி, மெதுவாக, ஆனால் தானே நடந்து வந்தார். ஷெட் வாசலில் நின்று தரையையே பார்த்தார். நான் சுவரோரத் தடத்தைக் காட்டினேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை. கம்பால் நடுத்தரையைச் சுட்டினார்.

"இத நீ பாக்கலியா மக்களே?"

நான் பார்க்கவில்லை. நடுவில் மிக மங்கலாக எட்டோ ஒன்பதோ தடங்கள், குறுக்காக வாசலை நோக்கி. அவற்றில் வலது பாதமும் இருந்தது. குதிகால் இல்லாமல், வெளிப்பக்கம் சாய்ந்து, ஆனால் பாதம்தான்.

"இது பைப்ப விட்ட அன்னைக்கு. இவ அடுக்களையில நிக்கா. விளிச்சா வேண்டாம்னு சொல்லுவாண்ணு விளிக்கல்ல."

"பின்னே, வாசல்ல விழுந்து கெடந்துட்டு விளிச்சாரு," என்றார் மனைவி. "ஓடி வந்து பாத்தா கெடந்துட்டுச் சிரிக்காரு."

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. எண்ணெய் இருக்கும் இடத்தில் சீலர் ஒட்டாது, உரிந்துவிடும். எண்ணெயை எடுத்தே ஆகவேண்டும். எடுத்த பிறகு மறுபடி நிறம் ஏற்றினால் தடம் மறைந்துவிடும். ஏற்றாமல் விட்டால் வெளிறலாகவே நிற்கும். என்ன செய்யட்டும் அண்ணாச்சி என்று அவரிடமே கேட்டேன். வேலை மோசம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள், எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடு என்றார். காப்பி குடித்து முடித்ததும் மனதை மாற்றிக்கொண்டார், ஒன்றை மட்டும் அழித்தால் போதுமாம்.

"சுவரோரத்துல உள்ளத மாச்சுப்போடு. நடுவுல உள்ளது கெடக்கட்டு."

வெந்நீரில் சலவைச்சோடா கரைத்து இரண்டு தடத்தையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் முத்தாக நிற்காமல் உறிஞ்சும்வரை நான்கு முறை. சுவரோரத்துக்கு மட்டும் மறுபடி அன்னபேதி அடித்தேன். மற்ற இடத்தோடு அது சேரவில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டையாக நின்றுவிட்டது. ஈரம் இருக்கிறதா என்று பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டிவைத்து, மறுநாள் எடுத்தேன். அடியில் வியர்வை இல்லை. அன்றே ரோலரால் சீலர் மெலிதாக ஒரு கோட், மறுநாள் இன்னொரு கோட். இரண்டாவது கோட் காய்வதற்குள் ஒரு சாரல் வந்து, வாசல் பக்கம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் தூசி நின்றுவிட்டது. சீலரில் நனைந்ததும் துருச்சிவப்பு ஆழமாகி, நடுத்தடங்கள் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. வலது பாதத்தின் சுண்டுவிரலைக்கூடப் பார்க்க முடிந்தது.

ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவர் அழைத்தார். ஆரஞ்சுப் பட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பட்டறையில் முதலில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஒரு ஸ்டூல் என்றேன். எவ்வளவு உயரம் என்றார். சாதாரண உயரம்தான் என்றேன்.

"தாந்து இருந்தா எழும்பப் பாடாக்கும் மக்களே. கொஞ்சம் ஒசந்து இருந்தா ஒத்தக் கால ஊணி எழும்பலாம்."

எத்தனை அங்குலம் உயரம் வேண்டும், பிடிமானம் எந்தக் கைக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு, டேப் எடுத்து வரச் சொன்னார். நான் பென்சிலைத் தேடினேன்.