மாப்பிள்ளைக்கு அப்பாவான நாள்

திருநாவலூரில் என் மகள் கல்யாணத்தன்று நான் உட்காரவே இல்லை. பெண்ணைப் பெற்றவன், சம்மந்தி எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று ஓடினேன். மோர்க்குழம்பு புளிக்கிறது என்றார் அவர். எனக்குப் புளிக்கவில்லை. ஆனாலும் புளிக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, போன தை மாதம், என் மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம். மண்டபத்து வாசலில் வேனிலிருந்து இறங்கியதுமே மேளம், பன்னீர், சந்தனம். முன்வரிசையில் எனக்கென்று ஒரு சோபா. அதில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரியாமல் என் குரல் மாறிவிட்டது. நாள் முழுக்கக் கழனியில் வெயிலில் நிற்கிறவன், "இந்தப் பக்கம் காத்தே வரலியே" என்றேன். பெண்ணின் அப்பா தானே ஒரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்றேன். திருப்பினார். மனசுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, காற்று அப்புறம்தான்.

பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மகள் என் காதருகில் குனிந்தாள்.

"இன்னாப்பா, அப்படியே எங்க மாமனாரு மாதிரி பேசிக்கினு இருக்க."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நேராகப் பந்திக்குப் போனேன். ஒரு சாம்பார் வாளியை வாங்கிப் பரிமாற ஆரம்பித்தேன். அதைப் பார்த்த பெண்ணின் அப்பா முகம் வெளுத்து ஓடிவந்தார்.

"இன்னா சம்மந்தி, யாராச்சும் உங்கள சரியா கவனிக்கலீங்களா? இன்னா கொற, சொல்லுங்க."

"கொற ஒண்ணும் இல்லீங்க. சும்மா ஒரு கை குடுக்கலாம்னு."

அவர் நம்பவில்லை. அவருடைய மச்சான், சித்தப்பா என்று நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வாளியைப் பிடுங்கினார். இன்னொருவர் மன்னிப்பே கேட்டார். நான் கோபித்துக்கொண்டுதான் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். சோபாவில் ஏறுவதுதான் சுலபம், இறங்க விடமாட்டார்கள் போல. திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த மனுஷருக்கு மூச்சே வந்தது.

கடைசிப் பந்தியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். மகள் கல்யாணத்தில் நான் ஓடிய ஓட்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"எனக்கும் காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான் சம்மந்தி," என்றார், இலையில் பாயசத்தை வழித்தபடி. "அவன் கல்யாணத்துல எதெதுக்கெல்லாம் கொற சொல்லலாம்னு இப்பவே யோசன பண்ணிக்கினு இருக்கேன்."